கந்தகம் தின்னும் உயிர்களும் ஒரு சக்கரக் கட்டையும்

பழனி மலைத்தொடரின் மேல்தட்டில் ஓடும் பேருந்துகளில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஆப்பு வடிவ மரக்கட்டை ஒன்று எப்போதும் கிடக்கும். வண்டி சற்று நேரம் நிற்கப்போகிறது என்றால் நடத்துநர் அதை எடுத்துக்கொண்டு இறங்கி, பின்சக்கரத்துக்கு அண்டை கொடுப்பார். கட்டை விழுந்த ஊரில் பயணிகள் கால் நீட்டலாம், முகம் கழுவலாம், சாப்பிடலாம். கட்டை விழாத ஊரில் இயந்திரம் உறுமிக்கொண்டே இருக்கும். இறங்குபவர் இறங்கி, ஏறுபவர் ஏறியதும் வண்டி புறப்பட்டுவிடும். ஆகையால் அந்தச் சாலையோரத்துச் சாப்பாட்டுக் கடைகளின் ஆயுள், கட்டை யார் வாசலில் விழுகிறது என்பதைப் பொறுத்தது.

பூண்டியில் அது ஓர் அக்காவின் கடை வாசலில் விழுந்துவந்தது. வயது வேறுபாடின்றி ஊரே அவரை அக்கா என்றது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இளம்வயதில் பெற்றோருடன் இங்கு வந்து, கிழங்குக் காடுகளில் கூலி வேலை பார்த்து, பிறகு தகரக் கூரை ஒன்றின் கீழ் இட்லியும் சோறும் விற்கத் தொடங்கியவர். அவர் தேநீரைத் தேத்தண்ணி என்பார்; அதைக் குடிக்காமல் எவரையும் போகவிடமாட்டார்.

இரண்டாயிரத்தை அடுத்த சில ஆண்டுகளில் நானும் என் மனைவியும் கொடைக்கானலில் ஆசிரியர்களாக இருந்தோம். நான் தமிழ் கற்பித்தேன். அவள் வேறொரு கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பித்தாள். விடுமுறை நாள்களில் மேல்மலை ஊர்களைப் பார்க்கப் போவது எங்கள் பொழுதுபோக்கு. அப்படியொரு பயணத்தில்தான், பூண்டியில் வண்டி நின்றும் கட்டை விழாத அந்த முற்பகலுக்கு நாங்கள் சாட்சிகளானோம்.

சன்னல் வழியே அழுகிய முட்டை வாடை ஒன்று உள்ளே புகுந்தது. பயணிகள் சேலைத் தலைப்பையும் துண்டையும் மூக்குக்குக் கொண்டுபோனார்கள். நடத்துநர் படிக்கட்டில் நின்றபடியே அக்காவிடம் பேசினார்.

"சாம்பாருக்கு ஒரு கொறையும் இல்லக்கா. ஆனா உள்ள உக்காந்தா சாக்கடைக்குள்ள எல போட்ட மாதிரி இருக்குல்ல. பாசஞ்சரு திட்றாங்க. நான் என்ன செய்ய?"

"ரெண்டு நாள் பொறுங்க தம்பி. சரி பண்ணிருவேன்."

"போன மாசமும் இதத்தான சொன்னீங்க. சரி பண்ணிட்டு ஆள் விடுங்க, வர்றோம். அதுவரைக்கும் வளைவுக் கடைதான்."

வளைவுக் கடை என்பது அரைமைல் முன்னதாகப் புதிதாக முளைத்திருந்த கடை. அங்கே சாம்பார் தண்ணீராக இருந்தாலும் காற்று தூய்மையாக இருந்தது. அக்கா வாசலில் நின்று பேருந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இருந்த வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பேருந்துக்குள் இருந்தார்கள்.

எல்லாரும் மூக்கை மூடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், என் மனைவி மட்டும் சன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டி ஆழ்ந்து மூச்சிழுத்தாள். அவள் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் மல்லிகைக்குக்கூடக் கண்டதில்லை.

"ஏங்க, பையை எடுங்க. இறங்குவோம்" என்றாள்.

இறங்கினோம். தேத்தண்ணி குடித்தோம். குடித்து முடிப்பதற்குள் நாற்றத்தின் வரலாறு முழுவதும் தெரிந்துவிட்டது. காட்டில் விறகு எடுப்பதில் கெடுபிடி மிகுந்திருந்தது. எரிவாயு உருளையோ மலையேறி வருவதற்குள் அடுப்பு ஆறிப்போகும். எனவே அக்கா கொல்லையில் சாண எரிவாயுக் கலம் ஒன்றைக் கட்டுவித்திருந்தார். அடுத்த வீட்டுப் பூண்டு விவசாயி தம் களத்தில் கழியும் பூண்டுத் தாளையும் தோலையும் சொத்தைப் பற்களையும் கூடை கூடையாக இலவசமாகக் கொடுத்தார். அக்கா அவற்றையும் முட்டைக்கோசு இலைகளையும் சாணத்தோடு சேர்த்துக் கலத்துக்கு ஊட்டினார். பனிக்காலம் வந்ததும் கலம் உறங்கிவிட்டது. ஆட்டுப் புழுக்கையையும் சருகையும் ஈரமாகக் குவித்து வைத்தால் குவியலின் நடுவே சூடு பிறக்கும் என்பது அங்கு உழுகிற எவரும் அறிந்த செய்தி. அக்கா அப்படியொரு குவியலைக் கலத்தைச் சுற்றிப் போர்வைபோலப் போர்த்தினார். கலம் விழித்துக்கொண்டது, அடுப்பு சீறி எரிந்தது. கூடவே, பூண்டிலும் கோசிலும் ஒளிந்திருந்த கந்தகமும் விழித்துக்கொண்டு, வாயுவோடு கலந்து ஊர் சுற்றப் புறப்பட்டது.

"வாயு எரியாம வெளிய கசியவிடாமப் பாத்துக்கங்க அக்கா. இது நாத்தம் மட்டும் இல்ல, அதிகமானா ஒடம்புக்கும் கேடு" என்றாள் என் மனைவி. "ஆனா இந்த நாத்தத்தத் தின்னே உயிர் வாழ்ற நுண்ணுயிருங்க இருக்கு. அதுங்களுக்கு இதுதான் சோறு."

"இதா சோறு?" அக்கா கொல்லைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "எனக்கும் அந்த மாதிரி வாடிக்கை கெடைச்சா நல்லாயிருக்கும் டீச்சரம்மா. ஒரு கொற சொல்லாமத் தின்னுட்டுப் போகும்."

அடுத்த சனிக்கிழமையே என் மனைவி அந்த வாடிக்கையாளர்களை அழைத்துவந்தாள். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த அவை, வாட்டில் என்னும் மலைமரத்தின் சீவல் நிரப்பிய ஒரு பீப்பாயில் பயணம் செய்தன. அந்தப் பீப்பாயை மடியில் சுமந்தவன் நான். வாயு கலத்திலிருந்து கிளம்பி, பீப்பாய்க்குள் புகுந்து, சீவல்களுக்கு இடையே ஊர்ந்து, நாற்றம் நீங்கி அடுப்புக்குப் போகவேண்டும். உள்ளே இருப்பவை மூச்சுவிடுவதற்காக, மீன்தொட்டிக்குக் காற்றூதும் சிறு கருவி ஒன்று மிகச் சிறிதளவு காற்றை உட்செலுத்தும். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை; குறை தட்பவெப்பத்தில் இருந்தது. பீப்பாயை வெளியே வைத்தபோது, பூண்டியின் குளிரில் அவை உறங்கின. எருக்குவியலுக்குள் புதைத்தபோது, அதன் சூட்டில் வெந்தன.

"ஏன் டீச்சரம்மா, ஒங்க புள்ளைங்க போய்ச் சேர்ந்திருச்சா?" என்று அக்கா இரக்கத்தோடு கேட்டார். அன்றுமுதல் அந்த உயிர்களுக்குப் புள்ளைங்க என்பதே பெயராயிற்று.

என் மனைவி சட்டைக் கையை மடக்கிக் குவியலின் நடுவே கையைச் செலுத்தினாள். செலுத்திய வேகத்திலேயே வெளியே இழுத்தாள். சிவந்திருந்த விரல்களிலிருந்து ஆவி பறந்தது. ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சூட்டுக்குள்ளயே பொறந்து வளர்ந்ததுங்க இங்கயே கோடிக்கணக்குல இருக்குங்க. நான் எதுக்கு வெளியூர்ல இருந்து கூட்டிட்டு வந்தேன்?"

இவ்வாறு தொடங்கியது எங்கள் எரு யாத்திரை. வெப்பம் தாங்குவதோடு கந்தகத்தையும் உண்ணத் தெரிந்த உயிர் எந்தக் குவியலில் இருக்கிறது என்று சொல்ல இயலாது. எனவே பல குவியல்களிலிருந்து சிறிது சிறிது திரட்ட வேண்டியிருந்தது. மன்னவனூருக்கும் கூக்காலுக்கும் வாடகை வண்டியில் போனோம். மூடுபனிக்குள் ஆவி விட்டுக்கொண்டிருக்கும் குவியல் எங்கே தென்பட்டாலும் என் மனைவி வண்டியை விட்டு இறங்கினாள். நான் நீளக் கரண்டியோடும் மூடியிட்ட குப்பிகளோடும் பின்தொடர்ந்தேன். கூக்கால் ஏரிக்கு மேலே ஒருவர் தம் தோட்டத்தில் நின்று எங்களைப் பார்த்துவிட்டு, கீழ்வயலில் இருந்தவரை உரக்க அழைத்தார்.

"ஏலே, சோலியப் போட்டுட்டு இங்கிட்டு வா. கொடைக்கானல்ல இருந்து ஒரு கரண்டி எருவுக்கு ரெண்டு பேரு வந்திருக்காங்க."

வந்தவர் எங்கள் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இம்புட்டு எருவ வச்சு எந்தக் காட்டுக்கும்மா போடப்போறீங்க? தொட்டியில ரோசாப்பூவா?"

"வளர்க்கப்போறேங்க" என்றாள் என் மனைவி.

"எதை, எருவையா?"

"அதுக்குள்ள இருக்கறத."

அவர் என்னை நோக்கினார். அந்தப் பார்வையில் இருந்த அனுதாபத்தை நான் பணிவோடு ஏற்றுக்கொண்டேன். விடைபெறும்போது அவர் எங்கள் பையில் ஒரு கைப்பிடிக் கேரட்டையும் திணித்தார். அவை அந்த எருவிலேயே விளைந்தவையாம்.

ஆய்வுக்கூடத்தில் அந்த எருவெல்லாம் நீரில் கரைந்து, சூடு மாறாத ஒரு பெட்டிக்குள் குடியேறியது. அதற்கு நாற்ற வாயுவைத் தவிர வேறு உணவு இல்லை. அதை உண்ணத் தெரியாதவை மடிந்தன, தெரிந்தவை பெருகின, பெருகியவற்றைப் புதிய நீருக்கு மாற்ற, மேலும் பெருகின. அந்தப் பனிக்காலத்தில் எங்கள் வீட்டில் கம்பளிக்குள்ளும் பல் கிட்டியது. அவையோ, நம் கை பொறுக்காத சூட்டில் வாழ்ந்துகொண்டிருந்தன. "என்னையும் அந்தப் பெட்டிக்குள் வைத்துவிடேன்" என்று நான் கேட்டதுண்டு. "கந்தகம் சாப்பிடுவீங்களா?" என்று அவள் கேட்பாள்.

மாசி மாதத்தில் புதிய பீப்பாய் எருக்குவியலின் நடுவே புதைந்தது. நாற்றம் அற்றதா என்பதை அறிய என் மனைவி மூக்கை நம்பவில்லை. ஈய உப்புக் கரைசலில் நனைத்த வெள்ளைத் தாள்களைக் கொண்டுவந்திருந்தாள். கந்தக வாயு பட்டால் அவை கறுக்கும். பீப்பாயிலிருந்து வெளிவரும் குழாயின் வாயில் ஒரு தாளைப் பிடித்தாள். நாங்கள் மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். தாள் வெள்ளையாகவே இருந்தது. அக்கா அதை வாங்கி இரு கண்களிலும் ஒற்றிக்கொண்டார்.

ஆனால் அடுத்த சனிக்கிழமை அதே குழாயின் வாயில் பிடித்த தாள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாகிக் கறுத்தது.

"இன்னும் சரியாகல அக்கா. ஏதோ கெட்டிருக்கு. யோசிச்சுட்டு வர்றேன்" என்றாள் என் மனைவி.

அக்காவால் அதை ஏற்க முடியவில்லை. "ஒரு வாசமும் இல்லீங்களே டீச்சரம்மா. நானும் மோந்து பாத்தேன். இந்தா, இவருகிட்டயே கேளுங்க" என்று அடுத்த வீட்டுப் பூண்டுக்காரரை அழைத்தார்.

அவர் வேலியைத் தாண்டி வந்து குழாயருகே குனிந்து, பொறுமையாக முகர்ந்தார். "துளி நாத்தம் இல்ல" என்றார். தெருவில் போன இருவரும் அழைக்கப்பட்டார்கள். அவர்களும் அவ்வாறே தீர்ப்பளித்தார்கள். நானோ வாடை தாங்காமல் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு நின்றேன். காலையில் வாடை இருந்திருக்கலாம், இப்போது இல்லை என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். என் மனைவி மட்டும், "அவசரப்படாதீங்க அக்கா. இந்தத் தாள் வெள்ளையா இருந்தாத்தான் சரி" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அக்கா அவசரப்பட்டார். கட்டை விழாத வாசலோடு அவர் மாதக்கணக்கில் வாழ்ந்துவிட்டார். ஒரு துண்டுத் தாளின் சொல்லைவிட ஊர்க்காரர் மூவரின் சொல் அவருக்குப் பெரிதாகப்பட்டதில் வியப்பில்லை. வாரத்தின் நடுவே நடத்துநருக்குச் செய்தி சொல்லியனுப்பிவிட்டார்.

எங்களுக்கு இது தெரியாது. அடுத்த சனிக்கிழமை பேருந்தில் ஏறியதும் நடத்துநர் சிரித்த முகத்தோடு வந்தார். "ஒங்க சோலி முடிஞ்சிருச்சாமே டீச்சர். அக்கா சொல்லிவிட்டாங்க. இன்னைக்கு அங்கதான் சாப்பாடு."

என் மனைவியின் முகம் மாறியது. "இல்லீங்க, இன்னும்..." என்று அவள் தொடங்குவதற்குள் அவர் அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார். வளைவுக் கடையைப் பேருந்து நிற்காமல் தாண்டியது. பூண்டியில் அக்கா வாசல் தெளித்துக் கோலமிட்டு, பெட்டியில் மடித்து வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே இலைகள் போடப்பட்டிருந்தன.

நடத்துநர் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். இரண்டடி வைத்தார். நின்றார். குனிந்து வைக்கப்போன கட்டையை மீண்டும் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"யக்கா, ஊரோட எல்லாரும் மூக்கக் கழட்டி வச்சிட்டீங்களா?"

பேருந்துக்குள் ஒரே சிரிப்பு. ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்தவே இல்லை. நாங்கள் மட்டும் இறங்கினோம். நடத்துநர் அக்காவின் முகத்தைப் பார்த்தாரோ, அல்லது உள்ளே விரித்திருந்த இலைகளைப் பார்த்தாரோ, அறியேன், குரலைத் தாழ்த்தினார். "சரி, அடுத்த சனிக்கெழம இன்னொரு தடவ நிப்பாட்றேன். அன்னைக்கும் இப்படித்தான்னா அப்புறம் என்னையத் தேடாதீங்க." பேருந்து போயிற்று.

அக்கா அழவில்லை. பூண்டுக்காரரை நோக்கித் திரும்பினார். "நாத்தமே இல்லன்னீங்களே?"

"இப்பவும் இல்லையே" என்றார் அவர், மனமார.

என் மனைவி அவர் வீட்டுப் பக்கம் பார்த்தாள். பூண்டு பறிப்பு முடிந்த காலம். அவர் வீட்டுத் தாழ்வாரத்திலும் பரணிலும் அடுப்புக்கு மேலும் பூண்டுக் கட்டுகள் தொங்கின. எதிர்வீட்டிலும், அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. ஊர் முழுவதும் பூண்டுக்குள் உறங்கிப் பூண்டுக்குள் விழித்துக்கொண்டிருந்தது. அவள் ஒரு கட்டிலிருந்து பூண்டுப் பல் ஒன்றை உரித்து நசுக்கினாள்.

"கண்ண மூடிக்கங்கய்யா."

அவர் மூடினார். அவள் அதை அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். "இது என்ன சொல்லுங்க?"

அவர் ஆழமாக இழுத்தார். யோசித்தார். "கூழாங்கல்லா?"

அக்காதான் முதலில் சிரித்தார். அந்தச் சேலையோடு வாசற்படியில் உட்கார்ந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியும்வரை சிரித்தார். பூண்டுக்காரர் கண்ணைத் திறந்து, தம் மூக்கின் முன்னிருந்த பல்லைப் பார்த்துவிட்டு, "ச்சே, எங்க தோட்டத்துப் பூண்டுல்ல" என்று உரிமையோடு வாங்கிக்கொண்டார். கந்தகம் என்ற ஒரே பொருளின் இரு வேடங்கள் அவை. ஒன்றில் பழகிய மூக்கு மற்றொன்றையும் கண்டுகொள்ளாமல் விட்டது போலும். விரித்த இலைகளை வீணாக்க வேண்டாமென்று எங்களையும் பூண்டுக்காரர் குடும்பத்தையும் உட்காரவைத்து அக்கா பரிமாறினார். சாம்பார் உண்மையிலேயே மிக நன்றாக இருந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு மும்முறை வாங்கினேன்.

சாப்பிட்டதும் பீப்பாயைத் திறந்தோம். சீவல்களிலிருந்து வடிந்த நீரில் என் மனைவி ஒரு நீலத்தாளை நனைக்க, அது நொடியில் சிவந்தது.

"சாகல. நல்லாத்தான் தின்னிருக்குங்க. தின்னு தின்னு அமிலமாக் கழிச்சு, அந்தப் புளிப்புலயே மூச்சு முட்டிக் கெடக்குங்க" என்றாள். "கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து வேணும். கிளிஞ்சல் சுண்ணாம்ப நேராப் போட்டா காரம் தாங்காது. மெதுவாக் கரையற மாதிரி ஏதாவது..." என்று சொல்லிக்கொண்டே கொல்லையைச் சுற்றிப் பார்த்தவளின் கண் ஒரு மூலையில் நின்றது. அங்கே அக்கா ஆம்லெட்டுக்கு உடைத்த முட்டைகளின் ஓடுகள் குவிந்திருந்தன.

அன்று பிற்பகல் முழுவதும் ஆட்டுரலின் முன் அமர்ந்து முட்டை ஓடுகளை அரைத்தவன் நான். தொல்லிலக்கணம் பயின்ற கை அதற்கும் பயன்படும் என்பதை அன்று அறிந்தேன். அக்கா சீவல்களை வெந்நீரில் அலசினார். என் மனைவி ஓட்டுத்தூளைச் சீவலோடு கலந்து, எஞ்சியிருந்த உயிர்க்கரைசலை ஊற்றி, பீப்பாயைக் குவியலின் சூட்டுக்குள் திரும்பவும் புதைத்தாள். கலத்துக்கு இனிப் பூண்டு ஊட்டுவதில்லை என்று அக்கா உறுதி கூறினார். பூண்டுக்காரர் வருத்தத்தோடு கூடையைத் திரும்ப எடுத்துப்போனார்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் பேச்செல்லாம் பூண்டிதான். அக்காவிடம் தொலைபேசி இல்லை. தாள் வெள்ளையா கறுப்பா என்பது, பேருந்து அங்கே போய் நிற்கும்வரை எங்களுக்கும் தெரியாது.

சனிக்கிழமை வந்தது. நடத்துநர் எங்களிடம் சீட்டு மட்டும் கிழித்துக் கொடுத்தார். வளைவுக் கடை வந்தது, போயிற்று. பூண்டியின் முதல் வீடுகள் தென்பட்டதும் என் மனைவி சன்னலைத் திறந்து முகத்தை நீட்டினாள். நான் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க" என்றாள்.

"என்ன?"

"பூண்டு வாசம் வருது. பூண்டு வாசம் மட்டும்தான் வருது."

அக்கா அன்று அந்தப் பெட்டிச் சேலையை உடுத்தவில்லை, கோலமுமில்லை, இலையும் போடவில்லை. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய மறுகையில், என் மனைவி கொடுத்துவிட்டு வந்த சோதனைத் தாள் ஒன்று இருந்தது. அது வெள்ளையாக இருந்தது. ஆனால் சென்ற வாரத்துக்குப் பிறகு அவர் எதையும் உரக்கச் சொல்லத் துணியவில்லை.

நடத்துநர் கட்டையோடு இறங்கினார். இரண்டடி வைத்தார். நின்றார். கடைக்குள் போனார், கொல்லைப்புறம் எட்டிப் பார்த்தார், திரும்பி வந்தார். பேருந்தில் இருந்த அத்தனை பேரும் சன்னல்களில் இருந்தார்கள். அவர் ஓட்டுநரைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்தார். இயந்திரம் நின்றது. அந்த அமைதிக்குள், கட்டை சக்கரத்தின் கீழே விழுந்த சத்தம் தெளிவாகக் கேட்டது.

"எறங்குங்க எறங்குங்க, அரமணி நேரம். வெரசா எல போடுங்கக்கா" என்றார் நடத்துநர்.

 அக்கா ஏற்கெனவே அடுக்களைக்குள் ஓடியிருந்தார்.

கூட்டம் சற்று ஓய்ந்தபின் என் மனைவி பீப்பாயின் மூடியைத் திறந்து பார்த்தாள். சீவல்களின்மீது இளமஞ்சள் பொடி மெல்லிய பூச்சாகப் படிந்திருந்தது. "யாரு இதுல மஞ்சத்தூளக் கொட்டுனது?" என்று அக்கா பதறினார். வேலிக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்த பூண்டுக்காரர், "இது கந்தகம்ல. பீன்சுக்கு நோய் வந்தா தூவுவோமே, அதேதான்" என்றார். பேருந்தைத் துரத்திய நாற்றத்தின் ஒரு பகுதி இப்படிப் பொடியாகி அடங்கியிருந்தது. "சேத்து வைங்கக்கா, நான் வாங்கிக்கிறேன். நாந்தான பூண்டு குடுத்தேன், அதுல எனக்கும் பங்கு உண்டு" என்று அவர் மேலும் சொன்னார்.

"இனிமே கந்தகம் வேணும்னா ஒங்க வீட்டத்தான் புழிஞ்சு எடுக்கணும்" என்றார் அக்கா.

அரைமணி நேரம் கடந்தது. ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினார். பயணிகள் ஏறினார்கள். நடத்துநர் மட்டும் இன்னும் இலையின் முன் இருந்தார். வழக்கமாகப் பிறரை விரட்டுபவரை அன்று பிறர் விரட்டினார்கள். "வர்றேன்யா, ரசம் ஊத்தியிருக்குல்ல" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, சக்கரத்துக்கு அடியிலிருந்த கட்டையைக் காலால் தள்ளி வாசலோரம் ஒதுக்கிவிட்டுப் படிக்கட்டில் தாவினார். வண்டி நகர்ந்தது.

அக்கா கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். "தம்பி, கட்டைய விட்டுட்டுப் போறீங்க."

படிக்கட்டில் தொங்கியபடி நடத்துநர் திரும்பிப் பார்த்தார். "வண்டிக்குள்ள வேற இருக்குக்கா. அது அங்கனயே கெடக்கட்டும். நாளைக்கும் வேணும்ல."